கப்பலில் இடம்

வெளியே வேலைக்குப் போனால் நான் இந்த ஊர்க்காரன் மாதிரிதான் பேசுவேன். அகதி முகாம் ஆள் என்று தெரிந்தால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், எரிச்சலாக வரும். போன மாதம் மணவாள நகரில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பட்டி பூசிக்கொண்டிருந்தபோது வாய் தவறிவிட்டது. வீட்டுக்காரப் பெரியவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்பதற்குப் பதில் எங்கள் ஊர்ப் பேச்சில் "ஓம்" என்றுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "தம்பி, நீர் எங்கட பக்கமே?"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கடல் தாண்டி வந்த இந்திய ராணுவம் எங்கள் ஊரைப் பிடித்து வைத்திருந்தபோது, அவர்கள் தயவில் பதவியில் உட்கார்ந்த தலைவர் இவர். ஜீப்பில் ஒலிபெருக்கி கட்டி, தன் படைக்குப் பையன்களைக் கேட்டவர். தராத வீடுகளில் அவருடைய ஆட்கள் புகுந்தார்கள். டியூஷனுக்குப் போன என் அண்ணனைச் சைக்கிளோடு பிடித்துப் போனார்கள். பிறகு ராணுவம் கிளம்பியது. பையன்களையும் கப்பலில் இந்தியாவுக்குக் கூட்டிப்போய்விட்டார் தலைவர் என்று யாரோ சொன்னார்கள். அதை நம்பித்தான் அம்மா என்னை இழுத்துக்கொண்டு படகேறினாள். கும்மிடிப்பூண்டி முகாமில் இன்றுவரை அண்ணனுக்குத் திவசம் கொடுக்க அவள் விட்டதில்லை.

தேநீரை வாங்கிக்கொண்டு கேட்டேன். "ஐயா கப்பல்லயே வந்தனீங்கள்?"

"ஓம், குடும்பத்தோட. கடைசிக் கப்பல்."

"அந்தப் பெடியங்கள்?"

இனி அவனுக்கு என்ன மரியாதை. அவன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தான். "அவங்களுக்கு எங்க இடம்? பள்ளிக்கூடத்தில இருக்கச் சொல்லிப்போட்டு வந்தம். எங்களை எதிர்த்த மற்ற இயக்கம் வந்து எல்லாரையும் சுட்டுப்போட்டுதாம். என்ன செய்யிறது தம்பி, யுத்தம்."

பாவி. கையிலிருந்த பட்டித் தகட்டால் அந்த வாயைக் கிழித்திருக்கலாம். உள்ளேயிருந்து எங்கள் மேஸ்திரி குரல் கொடுத்தார். "இன்னாப்பா, பேசிக்கினே நிக்கிற? கலக்கி வெச்ச பட்டி காஞ்சி பூடும், வா."

போனேன். பெரிதாக என்ன கிழித்துவிட்டேன்? சாயங்காலம்வரை அவன் வீட்டுச் சுவரை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினேன்.

அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டாள். சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, எங்கள் தகரக் கூரையையும் பக்கத்து வீட்டுத் தகரக் கூரையையும் பார்த்தபடி வாசலில் நின்றாள்.

"அப்ப நாங்கள் ஏனடா இஞ்ச வந்தனாங்கள்?" என்று கேட்டாள்.