மூன்றாம் தேங்காய்

பூசாரி சிக்கண்ணா, என் பெண்டாட்டி நஞ்சம்மாளின் மண்டையில் எலும்பு விரிசல் விட்டது சாமியால் இல்லை. உன்னால்தான். உன் கையால்தான்.

இப்படிச் சொல்வதால் நான் சாமியை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வீரபத்திர சாமி என் குலதெய்வம். அவர்தான் அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார். அதைக் குலத்தார் எல்லோரும் அறிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆடு மேய்க்கப் போன மலையடிவாரத்தில் எனக்கு மலைக்காய்ச்சல் கண்டது. பிழைக்க மாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டார்கள். நஞ்சம்மா மட்டும் விடவில்லை. "சாமி, இவரு எழுந்து நடந்தா ஆடித் திருவிழாவுல தலையில தேங்கா வாங்கறேன்" என்று வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து நடந்தேன். ஆடியும் வந்தது. அவள் ஈரப் புடவையோடு கோயில் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

வேண்டுதல்காரர்கள் வரிசையாக உட்காருவதும், பூசாரி தலையில் தேங்காயை அடித்து உடைப்பதும் நம் வழக்கம். நானும் வாங்கியிருக்கிறேன். ஓர் அடியில் ஓடு சிதறிவிடும். திருநீறு பூசுவார்கள். எழுந்து போய்விடலாம்.

அவளுக்கு முதல் தேங்காய் உடையவில்லை. இரண்டாவதும் உடையவில்லை. கூட்டம் கசமுசவென்று பேசியது. உனக்கு முகம் கறுத்துவிட்டது.

"பொம்பள கிட்ட ஏதோ கொற இருக்குது. அதான் சாமி வாங்க மாட்டேங்குது" என்றாய்.

குறை அவளிடம் இல்லை. தேங்காய் முற்றி ஓடு தடித்துப் போயிருந்தது. தேங்காயைத் தட்டிப் பார்த்து எடுக்க வேண்டியது உன் வேலை. நீ பார்க்கவில்லை. மூன்றாவதை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கி, காதுக்கு மேலே அடித்தாய். உடைந்தது. கூட்டம் சாமி பேரைச் சொல்லிக் கூவியது.

நஞ்சம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிச் சாய்ந்தாள். பிறகு தானே எழுந்தாள். சிரித்தாள். வேப்பமரத்து நிழலுக்கு வந்து பொங்கல் தின்றாள்.

"தல விண்ணு விண்ணுன்னுதுங்க" என்றாள்.

"மூணு காய் வாங்கினா விண்ணுங்காம என்ன பண்ணும்? ஒன் தலதான் ஊர்லயே கெட்டி" என்றான் அவள் அண்ணன் மல்லப்பன். அவளும் சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

கொஞ்ச நேரம் போனது. தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தாள். தூக்கம் வருகிறது என்றாள். பேச்சுக் குழறியது. பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். கூப்பிட்டேன். உலுக்கினேன். உம் என்ற சத்தம்கூட இல்லை.

நீ ஓடி வந்தாய். "சாமி எறங்கியிருக்குது. யாரும் தொடாதீங்க. அதுவா மலையேறும். அது வரைக்கும் எழுப்பக் கூடாது" என்றாய். தேங்காய் வாங்கி விழுந்தவரைச் சாமி முன்னால் கிடத்தி, தானாக எழும் வரை தொடாமல் விடுவது நம் வழக்கம். அப்படியே கிடத்தினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். உடுக்கை அடித்தார்கள். பெண்கள் அவள் காலில் விழுந்து கும்பிட்டார்கள்.

அவள் குறட்டை விட்டாள். எனக்கு அந்தக் குறட்டை தெரியும்.

நான் ஆட்டுக்காரன். கிடாய் இரண்டு மோதினால் சில சமயம் ஒன்று விழும். எழுந்துகொள்ளும். ஒன்றும் ஆகாதது போல மேயும். பொழுது சாய்வதற்குள் மறுபடியும் படுக்கும். இப்படித்தான் கர்ர் கர்ரென்று மூச்சு விடும். அப்புறம் எழாது. அப்படிச் செத்த என் கிடாய்க்கு ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து கிடந்தது.

நான் நஞ்சம்மாளின் இமையைத் தூக்கிப் பார்த்தேன். இடது கண் சரியாக இருந்தது. வலது கண்ணின் பாவை விரிந்திருந்தது. நேரே வெயில் பட்டும் சுருங்கவில்லை. மல்லப்பனைப் பார்த்துக் கத்தினேன்.

"மல்லப்பா, வண்டியப் பூட்டுடா. தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

நீ குறுக்கே நின்றாய். "சாமி மேல இருக்கறப்போ தூக்கினா அவளும் போயிருவா, ஊருக்கு மழையும் போயிரும்" என்றாய். என் பங்காளிகளே என் கையைப் பிடித்தார்கள். எனக்கும் பயம்தான். நிஜமாகவே சாமியாக இருந்தால் என்ன செய்வது? அவளை நானே கொன்றவனாகிவிட்டால்?

சாமி முன்னால் விழுந்தேன். "அப்பா, நான் தூக்கறது உன்னையா, என் பொண்டாட்டியையான்னு எனக்குத் தெரியல. நீயா இருந்தா நீயும் கூட வா. அவளா இருந்தா வழி விடு" என்றேன். எழுந்தேன். அவளைத் தோளில் போட்டேன். பிடித்த கைகளை மல்லப்பன் விலக்கினான்.

நல்லம்பள்ளி ரோட்டுக்கு வண்டி போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. சேலத்திலிருந்து வரும் பஸ் உச்சிப்பொழுதுக்கே போயிருக்கும். மாட்டு வண்டியில் தருமபுரி போய்ச் சேர இருட்டிவிடும். அவள் மூச்சு விட்டு விட்டு வந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். ரோட்டுப் புழுதியிலேயே விழுந்து கும்பிட்டேன். "கூட வந்தியா இல்லையா, சொல்லுப்பா" என்று கத்தினேன்.

அப்போது இருமுகிற சத்தம் கேட்டது. கரி கேஸ் பஸ். பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் உலை கட்டிக் கரி போட்டு ஓட்டிய வண்டி. புகையைக் கக்கிக்கொண்டு வந்தது.

கண்டக்டர் எட்டிப் பார்த்தான். "பொணமெல்லாம் ஏத்தறதில்லீங்க."

"மூச்சு இருக்குதுடா குருட்டுப் பயலே, ஏத்து" என்றார் டிரைவர். வயதான சாயபு. வண்டியை எடுத்தபடியே சொன்னார்: "தொப்பூர் ஏத்தத்துல கேஸ் இழுக்காம நின்னு போச்சுங்க. மத்தியானத்துலருந்து அத்தனை பேரும் என்னையும் எங்க அம்மாவையும் திட்டித் தீத்துட்டாங்க. ஒங்களுக்காகத்தான் நின்னுதோ என்னமோ." வழியில் யாருக்கும் நிறுத்தாமல் ஓட்டினார்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. சாமி அவள் மேல் ஏறி உட்காரவில்லை. தொப்பூர் மலையில் பஸ்ஸைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "அடிபட்ட பிறகு எழுந்து பேசினாங்களா?"

"பேசினா சாமி. சிரிச்சா. சாப்பிட்டா."

"அதை நம்பித்தான் எல்லாரும் ஏமாந்து போறீங்க. எலும்புக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் கசிஞ்சு கட்டுது. கட்டற வரைக்கும் நல்லாத்தான் இருப்பாங்க. கட்டினது மூளைய அழுத்தினா வாந்தி வரும், தூக்கம் வரும், மயக்கம் வரும். இது தூக்கம் இல்லைய்யா, சாவு. சேலம் போற வரைக்கும் தாங்காது. இங்கேயே மண்டையில ஓட்டை போட்டு எடுக்கணும். பிழைப்பாங்கன்னு சொல்ல மாட்டேன்."

கையெழுத்துப் போட்டேன். கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவுக்கு வெளியே நான் கும்பிட்ட கும்பிடு கோயிலில்கூடக் கும்பிட்டதில்லை. மல்லப்பன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். ஒரு தலை போதாதா என்று அவனைத் திட்டினேன். நானும் அழுதேன்.

டாக்டர் வெளியே வந்து, "கட்டின ரத்தத்தை எடுத்தாச்சு. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார்.

மறுநாள் கண் திறந்தாள். அவளுக்கு எதுவும் நினைவில்லை. அவள் கேட்ட முதல் கேள்வி இது:

"ஏங்க, தேங்கா ஒடஞ்சுதுங்களா?"

"ஒடஞ்சுது நஞ்சம்மா. வேண்டுதல் தீந்துது" என்றேன்.

இன்றைக்கும் அவள் இடது கை நடுங்குகிறது. குடத்தை நான்தான் தூக்கிவிடுகிறேன். அவளுக்கு உயிர் கொடுத்த சாமிக்கு ஒவ்வொரு அமாவாசையும் விளக்கு வைக்கிறேன். குலத்தாரே, நீங்களும் நம்புங்கள். முழுசாக நம்புங்கள். ஆனால் தலையில் அடிபட்டவர் எழுந்து பேசினாலும் கண்ணை விட்டு அகல விடாதீர்கள். வாந்தி எடுத்தால், குழறினால், எழுப்பியும் எழாவிட்டால் அந்த நிமிடமே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சாமி கூட வருவார். எனக்கு வந்தார்.

சிக்கண்ணா, மூன்றாம் தேங்காயால்தான் அவள் பிழைத்தாள் என்று ஒரு வீட்டில் சொல்கிறாயாம். நான் தூக்கியதால்தான் மழை பெய்யவில்லை என்று இன்னொரு வீட்டில் சொல்கிறாயாம். வீடு வீடாகச் சொல்ல வேண்டாம். வருகிற ஆடியில் முதல் தேங்காயை எடுப்பதற்கு முன், குலத்தார் அத்தனை பேர் முன்னாலும் கையில் கற்பூரம் ஏற்றிக்கொண்டு எனக்குப் பதில் சொல். அன்று அவளை விழவைத்தது சாமியா, உன் கையா? நஞ்சம்மாளும் வருவாள். தழும்பு தெரிய, முக்காடு போடாமல், முன் வரிசையில் உட்காருவாள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்.