பாக் சோய் கடைசல்

தைவானிலிருந்து புது மெஷினைப் பொருத்த வந்த லின், அன்றும் சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துபோனார். வந்த நாளிலிருந்து இதே கதைதான். பிரெட்டும் வாழைப்பழமும் மட்டும் உள்ளே போயின. தொண்ணூறுகளில் பெருந்துறைப் பக்கம் ஒரு மில்லின் கெஸ்ட் ஹவுஸுக்கு நான் சூப்பர்வைசர். இவர் படுத்துவிட்டால் மெஷினை ஓட்டிப் பார்க்கும் டிரையல் நின்றுபோகும் என்று மேனேஜர் கவலைப்பட்டார். எனக்கு அந்த வாடிய முகத்தைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

என்ன வேண்டும் என்று லின்னிடமே கேட்டேன். பாக் சோய் என்றொரு கீரையைச் சொன்னார். அடியில் தடித்த வெள்ளைத் தண்டு, மேலே பச்சை இலை; தண்டோடு பூண்டு போட்டு வதக்க வேண்டுமாம். கோயமுத்தூர் மார்க்கெட்டில் கேட்டால் சிரித்தார்கள். பெரிய ஹோட்டல்களுக்குக் காய்கறி ஏற்றும் ஊட்டி லாரிக்காரரைப் பிடித்து, ஒருவழியாக ஒரு கூடை வந்து சேர்ந்தது. ஷிப்ட் ஆளிடம் சமையலறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு நான் ஸ்டோருக்குப் போனேன்.

திரும்பி வந்தால், சமையல்கார ருக்குமணி அக்கா தண்டையெல்லாம் நறுக்கி மாட்டுக்குப் போட்டுவிட்டு, இலையைச் சின்ன வெங்காயத்தோடு வேகவைத்து மத்தால் மசியக் கடைந்து வைத்திருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"கீரைன்னா கடையாம வேறென்னங்க பண்றது?" என்றார் அக்கா.

அதற்குள் லின் வந்து உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் அதையே வைத்தோம். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தார். கண் கலங்கியது. காரமோ என்று தண்ணீரை நீட்டினேன், வாங்கவில்லை. தெரிந்த இங்கிலீஷில் மெல்லச் சொன்னார்: வீட்டில் மகளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, இந்தக் கீரையை இப்படி மசித்துத்தான் அவளுக்கு ஊட்டுவாராம்.

அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன்.

"பச்சப்புள்ளைய உட்டுப்போட்டு வந்தா சோறு எப்படீங்க எறங்கும்?" என்றவர், சோற்றில் கடைசலை ஊற்றித் தன் கையாலேயே பிசைந்து வைத்தார். லின் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் விஷயத்தைச் சொன்னேன். உடனே சாவியை எடுத்து, பூட்டுப் போட்டிருந்த ஐ.எஸ்.டி. போனைத் திறந்துவிட்டார். லைன் கிடைத்ததும் லின் ஒரு வார்த்தைதான் பேசினார். அப்புறம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கத்து மழலையைக் கேட்டபடி நின்றார்.

கெஸ்ட் ஹவுஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வந்தவர் சாப்பிடவில்லையென்றால் மெனுவை அப்புறம் மாற்றலாம். முதலில் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுங்கள்.