தண்டுக்குள் குடித்தனம்

"எந்திரிங்கடா சோம்பேறிகளா, வெயில் வந்தாச்சு" என்று பூக்களுக்கு அடியில் குனிந்து அதட்டுகிறார் ஆர்லிஸ். மஞ்சள் கதிர்களைக் கட்டிக்கொண்டு உறங்கும் குண்டு வண்டுத்தேனீக்கள் ஒரு காலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறுபடியும் உறங்குகின்றன. "பொம்பளைங்கல்லாம் பொழுது சாஞ்சா கூட்டுக்குப் போயிரும். இந்த ஆம்பளைங்கதான் கெடச்ச எடத்துல விழுந்து கெடக்கும். எங்க டேல் மாதிரி." டேல் அவருடைய கணவர். இறந்து வருடங்கள் ஆகின்றன.

பள்ளிக்கூடச் சமையலறையில் கூச்சலுக்கு நடுவே வேலை பார்த்தவர் என்பதால் தேனீயிடமும் உரக்கத்தான் பேசுவார். அமெரிக்காவின் அயோவாவில் எங்கள் தெரு முழுக்கச் சவரம் செய்த கன்னம் போலப் புல்தரை. இவர் வீட்டு வாசலில் மட்டும் ஆளுயரக் காடு. எல்லாம் இந்த மண்ணிலேயே பிறந்த செடிகள். கடையில் வாங்கிய பூந்தொட்டியை ஒருமுறை பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உதட்டைப் பிதுக்கினார். "பாக்க லட்சணமாத்தான் இருக்கு. நம்மூர்ப் பூச்சிக்கு இதுல ஒரு வாய் சோறு கெடையாதே."

பூ முடிந்து காய்ந்த தண்டுகளையும் வெட்டமாட்டார். எறும்பைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தேனீக்கள் அந்தத் தண்டுகளின் பொந்துக்குள்தான் பனிக்காலத்தைக் கழிக்குமாம். எனக்கென்னவோ வெறும் குச்சியாகத்தான் தெரியும்.

மகள் அரிசோனாவில். ஞாயிற்றுக்கிழமை போன் வரும், வராமலும் போகும். பக்கத்து வீட்டில் இருக்கும் என்னை விட்டால், கதவைத் தட்டும் ஆள் எதிர்வீட்டு கேரி ஒருவர்தான். வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்துவிட்டு, "இந்தக் காட்டுல கரடி ஏதாச்சும் இருக்கா ஆர்லிஸ்?" என்பார். "அதான் நீ வந்து நிக்கிறியே" என்பார் இவர். நானும் எட்டிப் பார்க்காத வாரங்களில் இவருடைய பேச்சே அவ்வளவுதான். பாவமாக இருக்கும்.

போன இலையுதிர் காலத்தில் ஆர்லிஸ் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். இங்கே ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால், கேட்காமலே அவர் வாசலைச் சுத்தம் செய்து வைப்பது அக்கம்பக்கத்தாரின் வழக்கம். கேரியும் தேவாலயத்து நண்பர்களும் ஒரு சனிக்கிழமை வந்து காட்டையே மொட்டையடித்தார்கள். தண்டுகளைப் பெரிய காகிதப் பைகளில் திணித்து, நகராட்சி வண்டிக்காகத் தெருவோரம் வரிசையாக வைத்தார்கள். நான் வேலை முடிந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் ஆர்லிஸ் வீடு திரும்பியதும் கேரி சுடச்சுட உருளைக்கிழங்குப் பதார்த்தத்தோடு வந்தார். "பளிச்சுனு ஆக்கிட்டோம் ஆர்லிஸ். நீங்க ஒண்ணுக்கும் கவலைப்படாதீங்க."

ஆர்லிஸ் மொட்டைத் தரையைப் பார்த்தார். "ரொம்ப நன்றி கேரி. அழகா இருக்கு" என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

கேரி தலை மறைந்ததும் வாக்கரைத் தள்ளிக்கொண்டு தெருவோரம் கிளம்பிவிட்டார். "காலைல வண்டி வந்து அள்ளிட்டுப் போயிரும். அடுத்த வருசத்துத் தேனீ பூரா இதுக்குள்ளதான் தூங்குது."

"கேரிகிட்ட சொன்னா அவரே எடுத்து வச்சிருவாரே."

"நல்லது செஞ்சவன்கிட்டப் போயி, கெடுத்துட்டியேன்னு சொல்லச் சொல்றியா? அவன் மொகம் விழுந்துரும். அப்புறம் இந்தப் பக்கம் வரக் கூசுவான். உன்ன விட்டா எனக்கு வேற யாரு இருக்கா, கண்ணு?"

தண்டுகளை உருவி உருவி என்னிடம் தந்தார். நான் அவற்றை வீட்டுக்குப் பின்னால் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். காலியான பைகளுக்குள் பழைய செய்தித்தாள்களைக் கசக்கித் திணித்து, இப்படியும் அப்படியும் தட்டி உப்ப வைத்தார். பை ஒட்டிக் கிடந்தால் கேரி கண்டுபிடித்துவிடுவாராம். குளிரில் அவர் விரல்கள் சிவந்துவிட்டன.

கடைசிப் பையில் கை வைத்திருந்தபோது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு கேரி வெளியே வந்தார். ஆர்லிஸ் கையிலிருந்த தண்டுகளைக் கோட்டுக்குள் செருகி ஒரு கையால் அணைத்துக்கொண்டார். மறு கையை வாக்கரிலிருந்து எடுத்து, அந்த முறிந்த இடுப்போடு தனியே நின்று, கேரியைப் பார்த்து ஆட்டினார்.