மீனா எழுதிய புரோகிராம் ஓடிவிட்டது

மேலூர் ரோட்டில் ஒரு ஜவுளிக் கம்பெனியின் புரோகிராமர்களுக்கு வெப் சர்வீஸ் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆர்டர் எடுக்கும் சாஃப்ட்வேரும் பில் போடும் சாஃப்ட்வேரும் தாமாகவே பேசிக்கொள்ள வேண்டும். அதுதான் பயிற்சி.

இன்று மதியம் மீனாவுக்கு அது சரியாக வந்துவிட்டது. ஆர்டரைப் பதிந்ததும் அடுத்த கம்ப்யூட்டரில் பில் தானாக வந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மேனேஜர் கேட்டார்: "அப்ப, ஆர்டரப் பாத்து பில் டைப் அடிக்க இனிமே ஆளே வேணாமா?"

"வேணாம் சார்" என்றேன், பெருமையாக.

அவர் நேராகப் பில் செக்‌ஷன் பக்கம் நடந்தார்.

மீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க அண்ணன் அங்கதான் சார் டைப் அடிக்கிறாரு" என்றாள்.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக அந்த அண்ணன் பைக்கோடு நின்றார். "தங்கச்சி எப்படி சார் படிக்குது?"

"எல்லாரையும் விட நல்லாப் பண்ணுது."

அவருக்கு ஒரே சந்தோஷம். மீனா என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறினாள்.

இதைக் கம்பெனி முழுக்க ஓடவிடுவது எப்படி என்பது நாளைய பாடம். யாரிடமாவது நல்ல காய்ச்சல் இருந்தால் எனக்கு அனுப்பிவையுங்கள்.