கரையாத மை

யுத்தம் முடிந்த ஆண்டில், ராத்தாவின் பேனைக்கு ரீஃபில் தேடிக் கல்முனைக் கடையொன்றுக்குப் போனேன். என் மூத்த சகோதரியான அவளைச் சுனாமி கொண்டுபோயிருந்தது. அதற்கு முதல்நாள் அவளிடம் இரவல் வாங்கி, கடல் எட்டாத மாவடிப்பள்ளி ஊருக்கு நான் எடுத்துச் சென்றிருந்ததால் பேனை தப்பியது.

கடைக்காரர் ரோலர்போல் ரீஃபில் ஒன்றைப் போட்டுத் தந்தார். அளவாகப் பொருந்தியது. ஒரு கோடு கீறி, ஈரவிரலால் தேய்த்தேன். கோடு கரைந்து பரவியது.

"என்ன புள்ள, எழுதப் போறியா, கழுவப் போறியா?"

"கரையாதது வேணும், நானா," என்றேன், அண்ணன் முறை வைத்து.

"போல்பொயின்ட் இரிக்கி. ஆனா இந்தப் பேனைக்குக் கட்டை."

ராத்தா தன் கதைகளை ரோலர்போல் மையால்தான் எழுதினாள். சேற்றிலிருந்து எடுத்த அவளுடைய கொப்பி காய்ந்தபோது நீலக் கறையே மிஞ்சியது. பின்னட்டையில் உம்மா போல்பொயின்டால் எழுதிய சாமான் பட்டியலை மட்டும் வாசிக்க முடிந்தது: சீனி, பருப்பு, சவர்க்காரம்.

கட்டையான ரீஃபிலையே வாங்கினேன். நீளம் போதாத இடத்தில் கடதாசியை உருட்டி அடைத்தேன். வீட்டில் அவளுடைய பெயரை எழுதித் தேய்த்துப் பார்த்தேன்; அழியவில்லை. அதன்கீழ் அவள் எனக்கு வாசித்துக் காட்டிய கதையொன்றை எழுத முயன்றேன். ஒரு வரிகூட நினைவில் இல்லை.