இரண்டாவது கண்ணாடி

பாதி மழித்த கன்னத்தோடு ஆளை அப்படியே விட்டுவிட்டு, பரசுராமன் சட்டென்று சீப்பைத் தலைக்கு மேல் தூக்குகிறார். தூக்கிய கையை இறக்காமல் எதிரே உள்ள கண்ணாடியை உற்றுப் பார்க்கிறார். பிறகு உதட்டைப் பிதுக்கி, "எல்லாம் ஒண்ணாத்தான் தூக்குறானுங்கோ" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கத்தியை மறுபடி எடுக்கிறார். நாற்காலியில் இருப்பவர் புதியவராக இருந்தால் எழுந்து போய்விடலாமா என்று யோசிப்பார். பழையவர் கண்ணை மூடிக்கொள்வார்.

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்திலிருந்து பஜாருக்குத் திரும்பும் முனையில், சிறு சந்து ஒன்றை ஒட்டினாற்போல், பலகை அடித்து எழுப்பிய கடை அவருடையது. மகள் பெயரில் 'செல்வி சலூன்'. இந்தப் பக்கம் புதிதாக முளைத்திருக்கும் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள், ஆரம்பாக்கத்து விவசாயிகள், ஆந்திராவுக்குப் போகும் லாரிக்காரர்கள் எல்லாரும் அவர் கைக்கு முகம் கொடுத்தவர்கள்தாம். ஒடிசலான மனிதர். சோப்பு நுரை போட்டதும் வாடிக்கையாளர் கன்னத்தை உப்பினால், இவரும் கூடவே தம் கன்னத்தை உப்பிக்கொள்வார். கடையில் ரேடியோ கிடையாது. "ஆளுங்க பேசுறத கேக்கவே காது பத்தல" என்பார்.

ஆனால் இப்போதெல்லாம் அவர் கேள்வி கேட்பதுதான் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்புவரை கடையில் ஒரே ஒரு கண்ணாடிதான். தொழிற்சாலைப் பையன்கள் பின்னந்தலை வெட்டு எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள். அவர் மனைவி சம்பூர்ணம் தான் வளர்த்த கிடாரியை விற்றுக் கொடுத்தாள். பரசுராமன் பட்டணத்துக்குப் போய் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை வாங்கி, வைக்கோலும் கோணியும் சுற்றி, பாசஞ்சர் வண்டியில் வழியெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டே நின்று வந்தார். பழைய கண்ணாடிக்கு நேர் எதிரே, சந்துப் பக்கத்துப் பலகையில் ஆணி அடித்து அதை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"பழைய கண்ணாடில ஒரு பரசுராமன் சுத்தியோட நிக்கிறான். அவனுக்குப் பின்னாடி ஒருத்தன் முதுவ காட்டிக்கினு நிக்கிறான். அவனுக்குப் பின்னாடி இன்னொருத்தன் இந்தப் பக்கம் பாத்துக்கினு. அப்படியே போய்க்கினே கீறானுங்கோ சார்."

அவரிடம் வழக்கமாக மழித்துக்கொள்கிற நான், எந்த சலூனிலும் இது உண்டே என்றேன்.

"உண்டுதான். எல்லாரும் பாக்குறாங்கோ, தலைய சீவிக்கினு போயிடறாங்கோ. அதுக்குக் கடைசில இன்னா கீதுன்னு ஒருத்தரும் கேக்கல."

அவர் கேட்டார். வருகிறவர்களையெல்லாம் கேட்டார். ஒரு லாரி டிரைவர், கடைசியில் தம் முதலாளிதான் நிற்பார் என்றார். ஒரு ஃபிட்டர் கழுத்து வலிக்கும்வரை எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியில் குழம்பிப்போய், "வுடுப்பா, பேஜாரு" என்று எழுந்துவிட்டார்.

பரசுராமனுக்குத் தம்முடைய தலைதான் தொல்லையாக இருந்தது. நேராகப் பார்த்தால் முன்னால் நிற்கிறவனின் தலை பின்னால் நிற்பவர்களை மறைத்துவிடும். ஒதுங்கினால் அவர்களும் ஒதுங்குவார்கள். கண்ணாடிக்கு அடியில் சிகரெட் அட்டையை மடித்துச் செருகிச் சாய்த்துப் பார்த்தார். வரிசை, வளைவில் திரும்பும் ரயிலைப் போல ஒரு பக்கமாக வளைந்து சட்டத்துக்குப் பின்னால் போய்விட்டது. "நான் இல்லாம பாக்கணும். அதான் வழி" என்று சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் அவர் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் இராமலிங்கத்தின் காது கிழிந்தது. இராமலிங்கம் ஆரம்பாக்கத்தில் நெல் நிலம் வைத்திருக்கும் பெரியவர். அன்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். காலையில் முகம் மழிக்க வந்து உட்கார்ந்தார். காதோரம் கத்தி ஓடும்போது பரசுராமனின் கண் கண்ணாடிக்குள் எங்கோ தூரத்தில் இருந்தது. படிகாரக் கல்லை வைத்து அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை. காதில் பஞ்சை ஒட்டிக்கொண்டுதான் சம்பந்தி வீட்டார் எதிரில் உட்கார்ந்தார் பெரியவர். "மாப்ள ஊட்டுக்காரங்க எம் பொண்ண எங்க பாத்தாங்கோ? எங்காதத்தான் பாத்துக்கினு இருந்தாங்கோ" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவரோடு அந்த ஊர்க்காரர்கள் பாதிப்பேர் எதிர்ச்சாரிக் கடைக்கு மாறிவிட்டார்கள்.

புதுக் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிடச் சொன்னாள் சம்பூர்ணம். பரசுராமனும் சரி என்றார். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. துணியை எடுத்துக்கொண்டுதான் போனார். போனவர் கண்ணாடியைக் கழற்றிக் குப்புறக் கிடத்தி, முதுகில் பூசியிருந்த சிவப்புச் சாயத்தையும் அதற்கடியில் இருந்த ரசத்தையும் கத்தி முனையால் மிளகளவு சுரண்டினார். மறுபடி மாட்டி, அந்த இடத்துக்கு நேராகச் சுவர்ப் பலகையிலும் துளை போட்டார். கடையை ஆளில்லாமல் விட்டுவிட்டு, சந்துக்குப் போய்த் துளையில் கண்ணை வைத்தார்.

சோறு கொண்டுவந்த சம்பூர்ணம் அவரை அந்தக் கோலத்தில்தான் பார்த்தாள்.

"மாட்ட வித்து வாங்கினது. அத்தப் போயி ஓட்ட போட்டியா?"

அவர் நகர்ந்து இடம் விட்டார். அவள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆளே இல்லியே" என்றாள் கடைசியில். "வெறும் நாற்காலி நாற்காலியா போவுது. நாம இல்லன்னாலும் அது பாட்டுக்குப் போய்க்கினுதான் கீது."

அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. மறுநாள் தன் பழைய ரவிக்கைத் துணியைக் கிழித்து வந்து, தூசி போகாமல் இருக்க அந்தத் துளைக்கு ஒரு திரை ஆணியடித்துவிட்டுப் போனாள்.

பரசுராமனுக்கு முழுத் திருப்தி இல்லை. "நான் இல்லாம பாக்கணும்னுதானே ஓட்ட போட்டேன்? ஒவ்வொரு கண்ணாடிலயும் ஒரு பொட்டு கீது சார். இன்னாடான்னு பாத்தா, அது என் கண்ணு." இன்னொரு குறையும் உண்டு. தூரம் போகப் போக நாற்காலிகள் குளத்துத் தண்ணீரைப் போலப் பச்சையாகி, பிறகு இருட்டாகிவிடுகின்றன. "முடியல. மங்கித்தான் பூடுது. மங்குறதும் முடியறதும் ஒண்ணா?"

இந்தக் கேள்வியை அவர் உயர்நிலைப்பள்ளிக் கணக்கு வாத்தியார் ஜோசப்பிடம் கேட்டபோது நான் பெஞ்சில் காத்திருந்தேன். ஜோசப் நிதானமானவர். கழுத்தில் கட்டிய துணியோடு யோசித்துச் சொன்னார்.

"ஒண்ணு இல்லை, பரசுராமன். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னுடுது. அதனால மங்குது."

"தின்னாத கண்ணாடியா இருந்தா?"

"போய்க்கிட்டே இருக்கும்."

"எது வரிக்கும்?"

"வரைக்கும்னு ஒண்ணு கிடையாது. அதைத்தான் நாங்க முடிவிலின்னு சொல்றோம்."

"முடிவிலி" என்று பரசுராமன் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். வாயில் போட்ட புதுப் பண்டத்தை மெல்லுவது போல இருந்தது. "அப்போ அத்தினி பேரும் இப்பவே உள்ளாற நிக்கிறாங்களா சார்?"

"அதுதான் வேடிக்கை. நிக்கலை. வெளிச்சம் அங்கே போய்த் திரும்ப நேரம் ஆகுமில்லையா? கண் சிமிட்டுறதைவிட ரொம்பக் கொஞ்ச நேரம். ஆனாலும் நேரம்தான். எந்த நிமிஷம் பார்த்தாலும் இத்தனை பேர்னு ஒரு கணக்கு இருக்கும். அடுத்த நிமிஷம் அது கூடியிருக்கும். நிக்காம கூடிக்கிட்டே இருக்கும், ஒருநாளும் முடியாது."

பரசுராமன் கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிட்டார். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த முகத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்போ தூரத்துல நிக்கிறவன் கொஞ்சம் முன்னாடி இருந்த நானா?"

"ஆமாம்."

"நான் கைய தூக்கினா அவன் லேட்டாத்தான் தூக்குவான்."

"நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆனா லேட்டுதான்."

கண்ணுக்குத் தெரியாது என்று ஜோசப் சொன்னதை அவர் நம்பாமல் இல்லை. இருந்தாலும் அன்றிலிருந்துதான் சீப்பைத் தூக்குகிறார். கவனம் பிசகியிருக்கும் ஒருவனாவது என்றைக்காவது சிக்குவான் என்பது அவர் எண்ணம். சீப்பு கையில் இருக்கும்போது மட்டும்தான் தூரம் பார்ப்பது. கத்தி கையில் இருந்தால் கண் கன்னத்தில்தான். இராமலிங்கத்தின் காது அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு அது.

அந்த இராமலிங்கம் போன மாதம் ஒரு சாயங்காலம் வந்தார். நான் முகமெல்லாம் நுரையோடு நாற்காலியில் இருந்தேன். பெரியவர் உள்ளே வரவில்லை. அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றார்.

"இன்னாடா பரசு, எங்காத அறுத்துப்புட்டு, இங்க ஓட்ட போட்டு வேடிக்க காட்டிக்கினு கீறியாமே?"

"தப்பு எம்மேலதான் நைனா. அன்னிக்கு எங்கண்ணு இங்க இல்ல."

"எங்க இருந்திச்சு?"

பரசுராமன் கண்ணாடியைக் காட்டினார்.

பெரியவர் நின்ற இடத்திலிருந்தே எட்டிக் கண்ணாடியைப் பார்த்தார். "தப்ப நீயே வெச்சிக்க. அது இன்னாதுன்னு காட்டு" என்றார்.

கடையில் ஆள் இருந்தால் ஒன்றும் தெரியாது. பரசுராமன் என்னை எழுப்பினார். நுரையோடு நான் தெருவில் இறங்கினேன். காத்திருந்தவர்களும் இறங்கினார்கள். விளக்கை மட்டும் எரியவிட்டார். பெரியவரைச் சந்துக்கு அழைத்துப்போய்த் திரையை விலக்கிக் கொடுத்துவிட்டு வாசலுக்குத் திரும்பி வந்தார். குடையை ஊன்றிக் குனிந்த பெரியவர் அப்படியே நின்றார்.

"எங்கடா போவுது இது?" என்று சந்திலிருந்து குரல் வந்தது. அதில் கோபம் இல்லை.

"தெரியல நைனா. அத்தத்தான் நானும் கேட்டுக்கினு கீறேன்."

"அந்தாண்ட இருட்டுல இன்னொரு நாற்காலி தெரியுது. இரு, அதுக்கும் அந்தாண்ட…"

என் முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. அப்போது ஷிப்ட் முடித்த ஆள் ஒருவர், எண்ணெய்க் கறை படிந்த காக்கிச் சட்டையோடு வேகமாக வந்தார். "அண்ணே, மொகம் மட்டும். வண்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தார்.

பரசுராமன் அவர் பக்கம் திரும்பவில்லை. சந்தில் குனிந்திருந்த முதுகைப் பார்த்தபடியே, வலது கையை நீட்டி வாசலுக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.