தண்ணீர் படாத ஒளு

எங்கள் வீட்டு அடுப்படி ஜன்னலில் ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையை விரித்து வைத்தால் கை முழுசும் அடங்குகிற அகலம், ஆற்றில் கிடந்து கிடந்து வழவழத்துப்போன சாம்பல் நிறம். வருகிற பெண்கள் எல்லாரும் அதை இஞ்சி தட்டுகிற கல் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் விருந்துக்கு வந்த என் தங்கை, ஒரு வார்த்தை கேட்காமல் அதை எடுத்து இஞ்சியை நச்சென்று தட்டியே விட்டாள். நான் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த இஞ்சித் துண்டு கீழே விழுந்தது. "ஒரு கல்லுக்கா இந்தக் கத்துக் கத்துற?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவள், நெய்ச்சோறு பரிமாறுகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் மாமி தன் கடைசி நாட்களில் ஒளுச் செய்தது அந்தக் கல்லில்தான் என்று அவளுக்கு நான் சொன்னதே இல்லை.

மாமி என்றால் என் வீட்டுக்காரரின் அம்மா. நான் கம்பத்தில் பிறந்து சின்னமனூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்த மறுநாளே மாமியிடம் திட்டு வாங்கினேன், தண்ணீருக்காக. தொழுகைக்கு முன்னால் கை, வாய், மூக்கு, முகம், முழங்கை, தலை, கால் என்று வரிசையாகச் சுத்தம் செய்துகொள்வதற்கு எங்கள் பக்கம் ஒளு என்று பேர். நான் குழாயைத் திறந்துவிட்டு, கொட்டக் கொட்ட ஒளுச் செய்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "ஏத்தா, ஒளுச் செய்யுறியா, எருமையக் குளிப்பாட்டுறியா? ஓடுற ஆத்துல நின்னு ஒளுச் செஞ்சாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு நம்ம நபி ரசூலுல்லா சொல்லியிருக்காக. கொழாய இறுக்கி மூடு." மாமிக்கு ஒரு பித்தளைச் செம்பு போதும். அந்த ஒரு செம்பில் முழு ஒளுவையும் முடித்து, மிச்சத்தைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவார். ஆனால் அந்த ஒரு செம்புத் தண்ணீர் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. தொழுகை நேரம் என்றில்லை, கோபம் வந்தால் ஒளு, கெட்ட சேதி கேட்டால் ஒளு, படுக்கப் போகும்போது ஒளு. அப்படி ஒரு சுத்தம்.

இந்தச் சுத்தக்காரிதான் ஊரில் மவுத்தாகிற, அதாவது இறந்துபோகிற, பெண்களைக் குளிப்பாட்டப் போவார். உயிர் போன உடம்பை, மய்யித்தை, குளிப்பாட்டுவதற்குப் பலர் பயப்படுவார்கள், சிலர் அருவருப்பார்கள். மாமி பிஸ்மி சொல்லிச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றால், படுக்கைப் புண்ணோ சீழோ எதுவும் அவர் முகத்தைச் சுளிக்க வைத்ததில்லை. மய்யித்துக்கும் முதலில் ஒளு, பிறகுதான் குளிப்பு. இலந்தை இலை போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை அவர் ஊற்றும்போது, உயிரோடிருக்கிற குழந்தைக்கு ஊற்றுகிற மாதிரி சூடு பார்த்துப் பார்த்து ஊற்றுவார். உடம்பை மறைக்கிற துணியைப் பிடிப்பதற்கு என்னைக் கூட்டிப் போவார். பயந்து பயந்து போய், பிறகு எனக்கும் பழகிவிட்டது.

மாமிக்கு ஒரு ஷெய்கு இருந்தார். ஞானவழியில் கைபிடித்து நடத்துகிற பெரியவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வருசத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள் இருந்து கேட்போம். மூச்சு உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அல்லாவை நினைக்கிற திக்ரை மாமி அவரிடம்தான் வாங்கியிருந்தார். வெங்காயம் உரிக்கும்போதுகூட அந்த மூச்சு ஓடுவது பக்கத்திலிருக்கிற எனக்குக் கேட்கும். ஷெய்கு அடிக்கடி சொல்கிற ஒரு வாக்கு உண்டு. பழைய ஞானிகள் காலத்திலிருந்து வருவது. குளிப்பாட்டுகிறவர் கையில் மய்யித்து இருப்பதுபோல அடியான் தன்னைப் படைத்த ரப்பின் கையில் இருக்க வேண்டும், திருப்பிய பக்கம் திரும்ப வேண்டும், ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்ததும் மாமி சிரிப்பார். "ஷெய்கு சொல்றது மெய்தான். ஆனா அவுக மய்யித்தப் புரட்டிப் பாத்ததில்ல போல. அது எங்க லேசாத் திரும்புது? என் இடுப்புல்ல ஒடியுது!" நானும் சிரிப்பேன். பெரியவர்கள் வாக்கைக் கேலி செய்கிற தைரியம் அவரைத் தவிர அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது.

அப்படிப்பட்டவரைச் சர்க்கரை வியாதி படுக்கையில் தள்ளியது. கையிலும் காலிலும் கொப்புளம் கொப்புளமாகப் புண். சிறுநீர் போவதற்குக் குழாய் போட்டு, கட்டில் ஓரத்தில் பையைத் தொங்கவிட்டார்கள். தேனி டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார்: தண்ணீர் படவே கூடாது, மருந்து நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னது. மாமி எப்போதும்போலக் கையை ஊன்றி எழப் பார்ப்பார் என்று நான் ஓடினேன். அவர் அசையவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொழுது சாய்ந்து மஹ்ரிபுக்கும் அப்படித்தான். மறுநாள் தலைமாட்டிலிருந்த தஸ்பீஹ் மணிமாலையை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னார், பிறகு அலமாரியிலிருந்த குர்ஆனை வேறு அறைக்கு மாற்றச் சொன்னார். ஏன் மாமி என்றேன். "நாத்தத்தோட அவன் முன்னாடி நிக்கச் சொல்றியா? ஒளு இல்ல, குளிப்பு இல்ல, பக்கத்துல மூத்திரப் பையி. ரப்பு என்னைய வேண்டாமுன்னுட்டான் ஆத்தா. கதவச் சாத்திட்டான்."

 நாற்பது கேள்வி கேட்டு என்னை அழவைக்கிற மாமியை எனக்குத் தெரியும். பாங்குச் சத்தம் கேட்டால் காதைப் போர்வையால் மூடிக்கொள்கிற இந்த மாமியைத் தெரியாது. மூச்சில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பேரும் நின்றுபோயிருந்தது. வியாதியில் அவர் போனால் அது அல்லாவின் நாட்டம். ஆனால் படைத்தவன் தன்னைத் தள்ளிவிட்டான் என்ற நினைப்போடு அவர் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் எனக்கு அப்போது வேண்டியிருந்தது.

பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தைக் கூப்பிட்டோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். தண்ணீர் ஆகாதவர்களுக்கு மார்க்கம் தயம்முமைக் கொடுத்திருக்கிறது: சுத்தமான மண்ணில் கையை வைத்து முகத்தைத் தடவி, மறுபடி வைத்து முழங்கைவரை தடவிக்கொண்டால் அதுவே ஒளு. குழாய் போட்டிருப்பதும் குற்றமில்லை. ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். எழ முடியாதவர் படுத்தபடி தலையசைத்துத் தொழலாம். மாமி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டார். 

அவர் மறுக்கவில்லையே என்று என் வீட்டுக்காரருக்குச் சந்தோசம். சாயங்காலமே ஒரு சாக்கு மண்ணைக் கொண்டுவந்து திண்டாடித் திணறி இறக்கினார். திராட்சைத் தோட்டத்து மண், கன்னங்கரேலென்று பொலபொலவென்று இருந்தது. ஒரு தட்டில் அள்ளி அம்மா முன்னால் நீட்டினார். மாமி முகர்ந்து பார்த்தார். படுக்கையில் விழுந்த பிறகு அன்றுதான் அவர் குரல் உயர்ந்தது. "ஏலே, ஆட்டுப் புழுக்க வாசம் மூக்கத் தொளைக்கிது. இதையா என் மூஞ்சில தேய்க்கச் சொல்ற? உரக்கடை வச்சிருக்கவனுக்கு எரு எது, மண்ணு எதுன்னு தெரியாதா?"

உண்மையிலேயே என் வீட்டுக்காரர் உரக்கடைதான் வைத்திருக்கிறார். தெரிந்த தோட்டக்காரர்களை எல்லாம் கேட்டுப் பார்த்தார். தென்னந்தோப்பில் சாணி, வாழையில் ஆட்டுக்கிடை, நெல்வயலில் தொழு உரம். ரோட்டோரம் என்றால் நாயும் மாடும். இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்கிறவர்கள் பச்சைப் பசேல் என்று வாய் பிளக்கிறார்கள். அந்தப் பச்சைக்கு எங்கள் மண் எதையெல்லாம் தின்றிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மார்க்கையன்கோட்டையில் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், மாமியின் பழைய சிநேகிதியின் மகன், கடையில் இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "பூராவும் உங்க கடையில வாங்கிப் போட்டதுதான் அண்ணாச்சி, நாங்க எங்க போறது?" என்றாராம். பிறகு ஹஜ்ரத்துக்குப் போன் போட்டோம். மண்தான் வேண்டும் என்றில்லை, சுத்தமான கல்லும் போதும் என்றார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு சாக்கு மண்ணை நான் கூட்டி அள்ளியிருக்க வேண்டாம்! வீட்டுக்காரர் ஆற்றுக்குப் போய் இந்தக் கல்லை எடுத்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்துக் கொண்டுவந்தார்.

மாமி கல்லைப் பார்த்தார். "தண்ணியத் தரமாட்டேன்னுட்டு, தண்ணிக்குள்ள கெடந்ததக் கொண்டாந்தீகளாக்கும்" என்றார். கேலிதான், ஆனால் சிரிப்பு இல்லை. மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். "சட்டம் சரிதான் ஆத்தா. மனசு ஒப்பலையே" என்றார் சுவரைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நோயாளியிடம் கோபப்படக் கூடாது என்பதெல்லாம் தெரியும். வந்துவிட்டது. "மேகமலைப் பிள்ளைய மறந்துட்டீகளா மாமி?" என்றேன்.

சில வருசத்துக்கு முன்னால் மேகமலை எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் தீப்பிடித்து, நம் ஆட்களில் ஒரு பெண் கருகிப்போனாள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. குளிப்பாட்ட மாமியைக் கூப்பிட்டார்கள். ஜீப்பில் குலுங்கிக்கொண்டு இரண்டு பேரும் போனோம். போர்வையை விலக்கிப் பார்த்த மாமி, தண்ணீர்க் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டார். தண்ணீர் ஊற்றினால் தோல் கையோடு வரும். அப்படிப்பட்ட உடம்புக்கும் தயம்மும்தான். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லயன் வீட்டுக்குப் பின்னால் சாணி படாத செம்மண்ணை அவரே தேடி எடுத்து வந்தார். உள்ளங்கையை அதில் வைத்து ஊதிவிட்டு, அந்தப் பிள்ளையின் முகத்தில் பட்டும் படாமலும் தடவினார். வெளியே அவளுடைய அம்மா, "எம்புள்ள குளிக்காமப் போகுதே" என்று தலையிலடித்துக்கொண்டு கதறினாள். மாமி வெளியே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "யாரு சொன்னா குளிக்கலன்னு? மண்ணுல செஞ்ச உடம்பு தாயி. மண்ணு தொட்டாப் போதும், அவன் சேத்துக்கிடுவான்" என்றார். அந்தத் தாய் அழுகையை நிறுத்தி அவர் முகத்தையே பார்த்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

"அந்தத் தாய்க்கிட்டச் சொன்னது மெய்யா, இல்ல சமாதானத்துக்குச் சொன்னீகளா? அவளச் சேத்துக்கிட்டவன் உங்களச் சேத்துக்கிட மாட்டானா? அவ ஒடம்புல இல்லாத நாத்தமா?" கேட்டுக்கொண்டே நான் அழுதேன்.

 மாமி சுவரைப் பார்த்தே சொன்னார்: "அவ மய்யித்துடீ. மய்யித்துக்கு வெக்கம் இல்ல. எனக்கு இருக்கே." கொஞ்சம் கழித்து அவராகவே திரும்பினார். கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. "மய்யித்தாட்டம் இருன்னு ஷெய்கு சொன்னாகளே… அதுக்குத்தான் சொன்னாக போலருக்கு. நான் அவுகளக் கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றார். கையைத் தூக்கப் பார்த்தார். ஊசி ஏற்றி ஏற்றி வீங்கிய கை, தூக்க முடியவில்லை. ஊரிலுள்ள அத்தனை பேரையும் தொட்டுச் சுத்தம் செய்தவர், தன்னை ஒருவர் தொட்டுச் சுத்தம் செய்ய அதுவரை விட்டதில்லை. "மனசுல நிய்யத்து நான் வச்சுக்கிட்டேன். நீ செஞ்சு விடு" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நான் கல்லில் கையை வைத்தேன். நெற்றியிலிருந்து தாடைவரை தடவினேன். மறுபடியும் வைத்து, புண்கள்மீது அழுத்தாமல் முழங்கைவரை தடவினேன். இந்தப் பக்கம் திருப்பினால் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திருப்பினால் அந்தப் பக்கம் அந்தக் கை வந்தது. எந்த இடத்திலும் அவர் என்னைத் திருத்தவில்லை. அதுதான் எனக்குப் பெரிய அதிசயம். மத்தியானத் தொழுகை, லுஹர் நேரம். தலையை மட்டும் அசைத்துத் தொழுதார். முடிந்ததும், "மணிய எங்க வச்ச? கொண்டா" என்று அதட்டினார். மாமி திரும்பி வந்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அன்று அஸருக்குள் அந்த மூச்சும் திரும்பி வந்தது.

பிறகு கொஞ்ச நாட்கள்தான் இருந்தார். ஒவ்வொரு தொழுகைக்கும் நானும் அந்தக் கல்லும். ஒரு வெள்ளிக்கிழமை காலையில், திக்ரு ஓடிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. எந்த அல்லாவில் நின்றது என்று பக்கத்தில் இருந்த எனக்கே தெரியவில்லை.

யார் குளிப்பாட்டுவது என்று வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டேன். இனி டாக்டர் தடை இல்லை. இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைச் சூடு பார்த்து, முதலில் ஒளு. முகத்தில், கையில், காலில், எத்தனையோ நாள் அவர் ஏங்கிக் கிடந்த தண்ணீர். "மாமி, ஒளு ஆச்சு" என்று காதில் சொன்னேன். புரட்டும்போது பயந்துகொண்டே தோளில் கையை வைத்தேன். மய்யித்து எங்கே லேசாகத் திரும்புகிறது என்பாரே, அவர் லேசாகத் திரும்பினார். பித்தளைச் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றினேன். போதும் என்று கூட நின்றவர்கள் சொன்ன பிறகும் ஊற்றினேன். எருமையைக் குளிப்பாட்டுகிறாயா என்று ஒரு சத்தம் வரும் என்று என் காது காத்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. அப்போதுதான் நான் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

தங்கை ஊருக்குப் போன பிறகு, இஞ்சி வாசம் போக அந்தக் கல்லைக் குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினேன். வெயிலில் காயவைத்து மறுபடி ஜன்னலில் வைத்தேன். இப்போது தெருவில் ஒரு பெண் மவுத்தானால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இந்தக் கல்லையும் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன், எந்த உடம்பு தண்ணீர் தாங்கும், எது தாங்காது என்று யாருக்குத் தெரியும்? கல்லை வைத்துவிட்டு அறைக்குப் போனவள், திரும்பி வந்து குழாயை இன்னொரு தரம் இறுக்கி மூடினேன்.